இரண்டாயிரம் ரூபாய்க் கருவிப்பெட்டி

ஜூன் 1, ஞாயிறு

வீட்டில் இரண்டு சைக்கிள். என்னுடையது பழைய 22 அங்குல ரோட்ஸ்டர், மகளுடையது கியர் வண்டி. இரண்டையும் இனி வீட்டிலேயே பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்து 2000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன்.

அந்தப் பணத்துக்கு இணையத்தில் நாற்பது சாமான் அடங்கிய பெட்டிகூடக் கிடைக்கிறது. வேண்டாம் என்று வைத்துவிட்டேன். அதில் பாதிக்கு இந்த இரண்டு வண்டியிலும் வேலையே இல்லை. மீதிப் பாதி எந்த இரும்பில் செய்தது என்று எங்கும் போடவில்லை. மலிவான அலன் கீயின் முனை சீக்கிரம் உருண்டுவிடும். உருண்ட முனை போல்ட்டின் அறுகோணக் குழியையும் சேர்த்து உருட்டிவிடும். கருவி போனால் இன்னொன்று வாங்கலாம். ஹேண்டில் தண்டில் இருக்கும் போல்ட் மழுங்கிவிட்டால் துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

ஆகவே கணக்கு இப்படி: போல்ட்டையும் நட்டையும் பிடித்துத் திருகுகிற கருவிக்குத் தாராளமாகச் செலவழிப்பது, அளக்கவும் தாங்கவும் துடைக்கவும் வேண்டியதை வீட்டில் இருப்பதை வைத்தே சமாளிப்பது.

மாலையில் தாளும் பென்சிலுமாக இரண்டு வண்டியையும் சுற்றி வந்து குறித்துக்கொண்டேன். மகளின் வண்டியில் சீட், ஹேண்டில், பிரேக் எல்லாம் 4, 5, 6 மி.மீ. அலன் கீயில் முடிந்துவிடுகின்றன. சக்கர நட்டும் பெடலும் 15. ரோட்ஸ்டரில் அலன் கீக்கு இடமே இல்லை, எல்லாம் அறுகோண நட்டுதான்.

ஜூன் 4, புதன்

ரத்தன் பஜார். சென்னையில் சைக்கிளுக்கென்று போனால் இங்கேதான் போக வேண்டும். ஒரு கடையில் இல்லாத சாமான் பக்கத்துக் கடையில் இருக்கும்.

ஸ்பேனர் செட் விலை கேட்டேன். கடைக்காரப் பெரியவர் என் தாளை வாங்கிப் பார்த்தார். “செட்டா எதுக்கு சார்? நீங்க எழுதியிருக்கிற சைஸை மட்டும் லூஸ்ல எடுத்துக்குங்க. அந்தக் காசுக்கு நல்ல கம்பெனியா போடலாம்” என்றார். அவர் சொன்னபடி டபாரியா அலன் கீ ஒரு செட், 14-15 ரிங் ஸ்பேனர் ஒன்று, 8-10 ஒன்று. ரிங் ஸ்பேனர் நட்டின் ஆறு மூலையையும் சேர்த்துப் பிடிக்கும். வாய் திறந்த ஸ்பேனர் இரண்டு பக்கத்தை மட்டும்தான் பிடிக்கும், துருப்பிடித்த நட்டில் வழுக்கிவிடும். திருகித் திருகி வாயை அகலப்படுத்துகிற ஸ்க்ரூ ஸ்பேனரை நான் தொடவே இல்லை. எவ்வளவு இறுக்கினாலும் அதில் ஒரு ஆட்டம் இருக்கும்.

பெடல் கழற்ற 15-இல் தட்டையான ஸ்பேனர் தனியாக வேண்டும். ரிங் அந்த இடுக்கில் நுழையாது. அதையும் எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மகளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் பெடல். வலது பெடலில் சாதாரண மரை, இடதில் எதிர்மரை. மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்றுவிடாமல் இருக்கத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஸ்பேனரை அச்சின் மேல்பக்கமாக நிறுத்தி முன்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் இரண்டு பெடலும் இறுகும், பின்னால் தள்ளினால் இரண்டும் கழலும். வலம் இடம் என்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

ஜூன் 8, ஞாயிறு

செயின் தேய்மானம் பார்க்கத் தனிக் கருவி விற்கிறார்கள். வேண்டியதில்லை. பன்னிரண்டு அங்குல ஸ்டீல் ஸ்கேல் போதும், ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும். சைக்கிள் செயினில் ஒரு ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் அரை அங்குலம். புதுச் செயினில் ஓர் ஊசியின் நடுவில் சுழியை வைத்தால், அதை விட்டு எண்ணி இருபத்து நாலாவது ஊசியின் நடு சரியாக 12-இல் வந்து நிற்கும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தாண்டியிருந்தால் செயினை மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு தாண்டிவிட்டால் பின்பல்லும் அதோடு சேர்ந்து தேய்ந்திருக்கும், இரண்டையும் மாற்றியாக வேண்டும்.

மகளின் வண்டி பதினாறில் ஒன்றைத் தொட்டுவிட்டது. இப்போதே செயினை மாற்றினால் பின்பல் உள்ள ஃப்ரீவீல் தப்பிக்கும். செயின் விலையைவிட ஃப்ரீவீல் விலை அதிகம். நாற்பது ரூபாய் ஸ்கேலால் மிச்சமாகும் பணம் இது.

செயின் ஊசியைத் தள்ளி எடுக்கும் கருவி வாங்கித்தான் ஆக வேண்டும். இதிலும் மட்டமானது கூடாது. தள்ளுகிற முனை இளகிய இரும்பாக இருந்தால் முதல் செயினிலேயே வளைந்துவிடும். ரோட்ஸ்டர் செயினுக்கு இது தேவைப்படாது, அதில் கிளிப் போட்ட லாக் இருக்கிறது, குறடு போதும்.

சுத்தம் செய்ய டீசல், பழைய டூத்பிரஷ், கிழிந்த பனியன். தேங்காயெண்ணெய் விடுகிற வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அது நாளாக நாளாகப் பிசுக்காகித் தூசியை இழுத்து மையாக்கிவிடும், செயினுக்கு வேண்டாம். செயின் ஆயிலை இரவில் ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டாக விட்டு, காலையில் வெளிப்பக்கத்தை வறட்டுத் துணியால் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் வேலை செய்கிற இடம் உள்ளே. வெளியே மினுங்குவதெல்லாம் மண்ணைப் பிடிக்கத்தான்.

ஜூன் 14, சனி

எதிர்வீட்டுப் பெண்ணின் சைக்கிள் பஞ்சர். பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த வண்டி. மகளும் அவளும் வாசலில் உட்கார்ந்து ஒட்டினார்கள். நான் கருவியை எடுத்துக்கொடுத்ததோடு சரி.

டயர் நெம்ப நைலான் நெம்பி வாங்கியிருந்தேன். திருப்புளியால் நெம்பினால் டியூபில் இன்னொரு ஓட்டை விழும். வாளித் தண்ணீரில் குமிழி வந்த இடத்தைக் குறித்து, துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவிக் காயவிட வேண்டும். ஈரம் போய் விரலில் லேசாக ஒட்டுகிற பதம் வந்த பிறகுதான் பேட்ச். அவசரப்பட்டால் மறுநாளே கிளம்பிவிடும். பேட்ச் வைக்கும் முன்பு டயரின் உள்பக்கத்தைப் பருத்தித் துணியால் துடைத்துப் பார்க்கச் சொன்னேன். துணி ஓரிடத்தில் மாட்டியது. சீமைக் கருவேல முள். அதை எடுக்காமல் மூடியிருந்தால் ஒட்டிய வேலை முழுதும் வீண்.

பம்புக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழித்தேன். காற்றளவு காட்டும் முள் வைத்தது, இரண்டு வகை வால்வுக்கும் பொருந்தும். மகளின் வண்டியில் மோட்டார் சைக்கிளில் இருக்கிற மாதிரி வால்வு. டயரின் ஓரத்தில் அச்சடித்திருக்கும் அளவைப் பார்த்து நிரப்பலாம். ரோட்ஸ்டரில் ரப்பர் வால்டியூப் போட்ட பழைய வால்வு. அது உள்ளே போன காற்றைத் திரும்ப வெளியே விடாது, அதனால் டியூபில் நிஜமாக எவ்வளவு இருக்கிறது என்பதை முள் சொல்லாது. கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டியதுதான். வால்டியூப் கொஞ்சம் வெட்டிப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன்.

அரசு சைக்கிளோடு இரண்டு நெம்பி, ஒரு பேட்ச் டப்பா, ஒரு ரிங் ஸ்பேனர் கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! புது வண்டியில் ஓட்ட ஓட்ட நட்டுகள் தளரும். இறுக்க ஆளில்லாமல் சுவரோரம் சாய்ந்து கிடக்கும் வண்டிகளைப் பார்க்கிறேன். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களைச் சைக்கிள் மேல் ஏற்றியது. அந்த வண்டியை ஓடவைத்துக்கொள்ளும் கைவேலையும் பெண்பிள்ளைகளுக்குப் போய்ச் சேர வேண்டும்.

ஜூன் 22, ஞாயிறு

ரிப்பேர் ஸ்டாண்டு ஆயிரக்கணக்கில் விலை. கூடத்து ஊஞ்சல் கொக்கியில் கயிறு போட்டு சீட்டைத் தூக்கிக் கட்டினேன். பின்சக்கரம் தரையைவிட்டு எழும்பினால் கியர் சரிபார்க்க அது போதும்.

முன்சக்கரத்தில் லேசான கோட்டம். போக்ஸ் கம்பிச் சாவி வாங்கும்போது, பல அளவுக்கும் பள்ளம் வெட்டிய உருண்டைச் சாவியை ஒதுக்கினேன். அது தளர்வாகப் பிடித்து நிப்பிளை மழுக்கும். நம் நிப்பிளுக்கு இறுக்கமாகப் பொருந்தும் ஒற்றை அளவுச் சாவியே நல்லது. கோட்டம் பார்க்க ஒரு பிளாஸ்டிக் டையை ஃபோர்க்கில் கட்டி, நுனியை ரிம் பக்கமாக நீட்டிவிட்டேன். சக்கரம் சுற்றுகையில் எங்கே உரசுகிறதோ அங்கே எதிர்ப்பக்கத்துக் கம்பியைக் கால் சுற்று இறுக்கி, உரசும் பக்கத்துக் கம்பியைக் கால் சுற்று தளர்த்த வேண்டும். கால் சுற்றுக்கு மேல் போகக் கூடாது.

ஜூன் 28, சனி

ரோட்ஸ்டரின் கிராங்க் ஆடுகிறது. கிராங்கை அச்சோடு இறுக்கும் காட்டர் பின் தேய்ந்திருக்கிறது. இதற்குக் கருவி வாங்கப் போவதில்லை. கீழே முட்டுக் கொடுக்காமல் சுத்தியலால் அடித்தால் அடி முழுதும் உள்ளே குண்டுகள் மேல் விழும். பாட்டம் பிராக்கெட் கப்புக்கும் கருவி வாங்கப் போவதில்லை. அந்தக் கப்பின் மரை அளவுக்கு பி.எஸ்.ஏ. என்று பெயர்: 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை. செயின் பக்கத்துக் கப்பில் எதிர்மரை. அதைக் கழற்றும் சாவி பத்து வருஷத்தில் ஒருமுறை பயன்பட்டால் பெரிது. ஃப்ரீவீல் கழற்றும் கருவியும் அதே கணக்குத்தான்.

தெருமுனைக் கடை அண்ணனிடம் கேட்டேன். “திங்கக்கிழம கொண்டாங்க சார். காட்டரு ரெண்டையும் மாத்திடறேன், குண்டும் புதுசு போட்டுக் கிரீஸ் வச்சிடலாம். பழசையும் புதுசையும் கலக்கக் கூடாது” என்றார். கால் அங்குலக் குண்டு பக்கத்துக்குப் பதினொன்று. கூலியைப் பேரம் பேசவில்லை.

ஒதுக்கிய பணத்தில் முந்நூறுக்கு மேல் மிச்சம். அதில் இரண்டு வண்டிக்கும் பிரேக் கட்டை வாங்கினேன். மகளுடையது இன்று மாட்டியாயிற்று, ரோட்ஸ்டருக்குக் கடையிலிருந்து திரும்பி வந்ததும்.