டிரம்முக்குள் ஒரு பாம் மரம்: 11 மாதம் என்றுதான் சொன்னார்கள்!

'தற்காலிகம்' என்ற வார்த்தைக்கு எங்கள் வீட்டில் ஒரு கணக்கு இருந்தது. 11 மாதம். பில்டர் சொன்ன கணக்கு அது. மடிப்பாக்கத்தில் இருந்த பழைய வீட்டை இடித்து, பெரியப்பாவும் நாங்களும் ஆளுக்கொரு மாடியாகக் கட்டிக்கொள்வதாக முடிவானது. 2024 ஜூனில் நாலு தெரு தள்ளி ஒரு வாடகை வீட்டுக்கு மாறினோம். பீரோ, கட்டில், கிரைண்டர் எல்லாம் ஏற்றி முடித்ததும் அம்மா வாசலில் நின்ற மரத்தைக் காட்டினார். "இதுவும் வரும்."

அது ஃபாக்ஸ்டெயில் பாம். நரிவால் மாதிரி ஓலை புசுபுசுவென்று இருக்கும். அப்பார்ட்மென்ட் வாசல்களிலும் கல்யாண மண்டபங்களிலும் நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து. தாவரவியலாளர்கள் அதற்கு முறைப்படி பெயர் வைத்ததே 1983-ல்தான். அதற்குள் சென்னையில் தெருவுக்கு நாலு நிற்கிறது. நூறு வருஷப் பழக்கம் மாதிரி!

"புதுசா ஒண்ணு நர்சரியில வாங்கிக்கலாமே" என்றார் அப்பா. நியாயமான கேள்விதான். பத்தடிக்கு மேல் வளர்ந்த மரத்தைப் பெயர்த்து, டிரம்மில் வைத்து, மறுபடியும் மண்ணில் நடுவதற்கு ஆகும் செலவில் இரண்டு புது மரம் வாங்கலாம். அம்மா சொன்ன பதில் ஒரே வரி. "அந்த வீட்ல நானா பார்த்து, நானா வாங்கி வச்சது இது ஒண்ணுதான்." 27 வருஷம் குடித்தனம் செய்த வீடு. டைல்ஸ் தாத்தா எடுத்தது, பெயின்ட் பெரியப்பா சொன்னது, ஷோகேஸ் அத்தை கொடுத்தது. 2018-ல் இரண்டடிச் செடியாக இந்த மரத்தை வாங்கி வந்தது மட்டும் அம்மா. அப்பா அதற்கு மேல் பேசவில்லை. நானும்தான்.

பெயர்க்க வந்த நர்சரி அண்ணன் முதலில் செய்த வேலை, கீழ் ஓலைகளை வெட்டியது. எட்டு ஓலையில் நாலுதான் மிஞ்சியது. அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்து அவரே விளக்கினார். வேர் அறுபட்ட மரத்தால் பழைய அளவுக்குத் தண்ணீர் உறிஞ்ச முடியாது. ஓலை எல்லாவற்றையும் விட்டுவைத்தால், குடிப்பதைவிட ஆவியாக விடுவது அதிகமாகிவிடும். மிஞ்சிய நாலையும் கயிற்றுத் திரியால் தளர்வாக மேல்நோக்கிச் சேர்த்துக் கட்டினார். நடுக் குருத்தை மட்டும் எவர் கையும் படவிடவில்லை. "இதுக்கு உசுரு ஒரே இடத்துல இருக்கு பாப்பா. குருத்து போச்சுன்னா மரம் போச்சு." மாமரம், வேம்பு என்றால் நுனியை வெட்டினால் பக்கத்தில் துளிர்க்கும். இந்த ஒற்றைத்தண்டு பாம் வகைக்கு அந்த வசதி கிடையாது.

வேர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் அதிர்ஷ்டம். ஆணிவேர் இல்லை. தென்னை மாதிரியே அடித்தண்டிலிருந்து சல்லிவேர்களாகக் கிளம்பும். புது வேர் விட்டுக்கொண்டே இருக்கும். ஒன்றரை அடி அகலத்துக்கு மண்ணோடு எடுத்து, ஈரச் சாக்கு சுற்றி, குட்டியானை வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தோம்.

வைத்தது, 200 லிட்டர் நீல டிரம்மைப் பாதியாக அறுத்த தொட்டியில். முதலில் மொட்டைமாடியில் வைப்பதாகத்தான் யோசனை. ஆனால் 100 லிட்டர் ஈர மண் என்பதே 150 கிலோவுக்குக் குறையாது. ஹவுஸ் ஓனர் அங்கிள் தலையை ஆட்டிவிட்டார். போர்டிகோ ஓரத்தில் இடம் கொடுத்ததே பெரிய விஷயம்.

எங்கள் டெஸ்க்கில் மாடித்தோட்ட டிப்ஸ் போட்டால் நன்றாக ஓடும். 'தினமும் தண்ணீர் ஊற்றுங்கள்' என்று ஏதாவது ஒரு இடத்தில் கட்டாயம் இருக்கும். தொட்டியில் நிற்கும் பெரிய மரத்துக்கு அந்த வரி பொருந்தாது. விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பார்ப்பதுதான் சரி. ஈரம் ஒட்டினால் விட்டுவிட வேண்டும். கத்திரி வெயிலில் தினம் ஊற்றினோம், சில நாள் இரண்டு வேளை. மார்கழியில் நாலு நாளைக்கு ஒருமுறை போதுமானதாக இருந்தது.

அதைவிடப் பெரிய பிரச்னை, வாடகை வீட்டு போர் தண்ணீர். உப்பு. இரண்டே மாதத்தில் மண்மேல் வெள்ளைப் படலம். தரையில் என்றால் மழை கழுவிக்கொண்டு போகும். டிரம்மில் அது அங்கேயே தங்கும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரை அடித்துளை வழியாக ஓடும் அளவுக்கு ஊற்ற வேண்டும். லாரித் தண்ணீரை மரத்துக்கு ஊற்றுவதா என்று வீட்டில் ஒரு ரவுண்டு சண்டை நடந்தது. 'ஆர்ஓ வேஸ்ட் வாட்டரை ஊற்று' என்று பக்கத்து வீட்டு ஆன்ட்டி சொன்னார். அதில் உப்பு இன்னும் அதிகம். பாத்திரம் கழுவலாம், தொட்டிக்கு வேண்டாம்.

மரம் பிழைத்ததா என்று தெரிந்துகொள்ள நான் ஒரு வழி வைத்திருந்தேன். ஸ்டூல் போட்டு ஏறி, குருத்திலும் பக்கத்து ஓலைக் காம்பிலும் ஒரே மட்டத்தில் மார்க்கரால் கோடு. உள்ளே வளர்ச்சி இருந்தால் குருத்தின் கோடு மேலே ஏறும். முதல் ஐந்து வாரம் அசையவே இல்லை. நைட் ஷிஃப்ட் முடிந்து வரும்போதெல்லாம் செல்போன் டார்ச் அடித்துப் பார்ப்பேன். ஆறாவது வாரம் விரல் அகலம் ஏறியிருந்தது. அம்மாவை எழுப்பிச் சொன்னேன். "காலையில சொல்லக் கூடாதா?" என்றவர், எழுந்து வந்து அதே டார்ச்சில் பார்த்துவிட்டுத்தான் படுத்தார்.

நவம்பரில் ஃபெஞ்சல் புயல். தொட்டியில் நிற்கும் மரத்துக்குக் காற்றுதான் எமன். வேர் பிடித்துக்கொள்ள டிரம்மைத் தாண்டி ஒன்றுமில்லை. சாக்கைச் சுற்றி, அதன் மேல் கயிறு போட்டு போர்டிகோ கிரில்லில் கட்டினோம். தண்டில் ஆணி அடிக்க அப்பா சுத்தியல் எடுத்து வந்தார். அம்மா பிடுங்கி வைத்துவிட்டார். பாம் தண்டில் காயம் ஆறி மூடாது. ஓட்டை ஓட்டையாகவே இருக்கும். சிவப்புக் கூன்வண்டுக்கு அது வாசல்.

புயலுக்குத் தப்பிய மரம், மழைக்குப் பிறகு வெளிறிய குருத்தோலை விட்டது. உரம் போடலாமா என்று போட்டோ அனுப்பிக் கேட்டேன். "பழைய ஓலை மஞ்சளானா சத்துக் குறைவு. புது ஓலை வெளுத்தா வேருக்கு மூச்சு முட்டுது, பாப்பா" என்றார் அண்ணன். டிரம்மின் அடித்துளைகள் மண்ணால் அடைத்திருந்தன. கம்பி விட்டுக் குத்தி, நாலு பேர் சேர்ந்து தூக்கி, செங்கல் மேல் வைத்தோம். அடுத்த ஓலை பச்சையாக வந்தது. கொசுப்புழு பார்க்க வரும் மாநகராட்சி அக்காவும் அதன்பின் டிரம்மைப் பார்த்து முறைப்பதில்லை.

11 மாதம் எப்போதோ முடிந்துவிட்டது. இப்போது 16. வேர்கள் அடித்துளை வழியே எட்டிப் பார்க்கின்றன. ஹவுஸ் ஓனர் மகனுக்குக் கார் வரப்போகிறது. போர்டிகோவை மறைமுகமாகக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

புது வீட்டு பிளானிலோ வாசல் முழுக்க பார்க்கிங். காலி மண் ஒரு அடி கிடையாது. ஒரு மூலையில் இடம் விடலாம் என்றால், அங்கே சம்ப் பக்கத்தில் இருக்கிறது. "வேர் சம்ப்பை ஒடைச்சிடும்மா. அப்புறம் யார் பார்க்கறது?" என்றார் பெரியப்பா. அம்மா அவர் எதிரில் ஒன்றும் பேசவில்லை. அன்று இரவு சாப்பிடவும் இல்லை.

மறுநாள் நான் போனேன். ஆலமரம், அரசமரம் வேர் வருஷத்துக்கு வருஷம் பருத்துச் சுவரை நெம்பும். பாம் வேர் அப்படிப் பருக்காது. எந்தத் தடிமனில் கிளம்புகிறதோ, கடைசிவரை அதே தடிமன். டிரம்முக்கு அடியில் எட்டிப்பார்த்த வேர்களையே போட்டோ எடுத்துக் காட்டினேன். பென்சில் கனம்கூட இல்லை. பெரியப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ஓலை விழுமே, என் கார் மேல?"

"விழும் பெரியப்பா. தானா காய்ஞ்சு விழும். நல்ல கனமாவும் இருக்கும்."

கொஞ்ச நேரம் யோசித்தார். "என் கார அந்தப் பக்கம் போட்டுக்கறேன். உங்கப்பன் ஸ்கூட்டர இங்க நிறுத்தச் சொல்லு."

நாலுக்கு அஞ்சு அடி. இன்ஜினியர் பிளானில் பென்சிலால் கட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார். அடுத்த மாதம் வாசல் தளத்துக்குக் கான்கிரீட் போடுகிறார்கள். பென்சில் கட்டத்தை மேஸ்திரி மறந்துவிடுவார் என்று அம்மாவுக்குச் சந்தேகம். இந்த ஞாயிற்றுக்கிழமை சுண்ணாம்புப் பொடியும் நாலு செங்கல்லும் எடுத்துக்கொண்டு சைட்டுக்குப் போகிறோம்.