மூலத்தைத் தொடாத உரை

திண்டிவனத்தில் எங்கள் வீட்டு மரப்பெட்டியில் என் பாட்டியாரின் கையெழுத்துச் சுவடி ஒன்று இருக்கின்றது. கைவைத்தியக் குறிப்புகள், பிள்ளைகள் பிறந்த நாட்கள், கொடுத்த கடன், வாங்கிய கடன், இடையிடையே சில துஆக்கள். மொழி தமிழ்; எழுத்து அரபு. பாட்டியாருக்குத் தமிழ் எழுத்தில் ஒன்றுகூடத் தெரியாது. ஆனால், அவர் அரபுத்தமிழில் எழுதி வைத்தவற்றைப் படித்துத்தான் அந்நாளில் எங்கள் தெருவில் பாதிப்பேர் காய்ச்சலுக்குக் கஷாயம் வைத்தார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் ‘ஃபத்ஹுத் தய்யான்’ போன்ற நூல்களும் இவ்வெழுத்தில் எழுந்தவையே. அவற்றை ஓதியறிந்த பெண்மணிகளில் ஒருவர் அவர்.

இன்று என் மக்கள் தமிழை நன்கு வாசிப்பர்; அரபு எழுத்தையும் பிழையின்றி ஓதுவர். எனினும் இச்சுவடியைக் கையில் கொடுத்தால் விழிக்கின்றனர். ங, ஞ, ட, ண, ப, ழ போன்ற தமிழொலிகளுக்காக முன்னோர் அரபெழுத்தின் மேலும் கீழும் கூட்டிய புள்ளிகள் அவர்களுக்குப் புதியவை. எகர ஒகரக் குறிகளும் அவ்வாறே. எனக்குப் பின் இதை வாசிப்பவர் யார் என்ற கவலை சில ஆண்டுகளாகவே என் நெஞ்சை அரித்து வந்தது.

என்னிடம் காலை மக்தபில் ஓதிய மாணவர் ஒருவர் இப்போது விழுப்புரத்தில் கணினி நிரல் எழுதிப் பிழைக்கின்றார். அவ்வூரில் குனு/லினக்ஸ் பயனர் குழு என்னும் பெயரில் இளைஞர் சிலர் கட்டற்ற மென்பொருளை ஊதியமின்றிக் கற்பித்து வருகின்றனர். அவர்களிடம் பயின்றவர் இவர். “ஹஜ்ரத், சுவடியைப் படம் பிடியுங்கள். ஒரு விக்கியில் ஏற்றி, அரபுத்தமிழைத் தமிழெழுத்தில் காட்டச் செய்து தருகின்றேன்” என்றார்.

விக்கி என்றதும் பலருக்கும் கலைக்களஞ்சியமே நினைவுக்கு வரும். அதற்கு முன்பே, 1995-இல், வார்ட் கன்னிங்காம் என்னும் அமெரிக்கர் யாவரும் திருத்தத்தக்க பக்கங்களைக் கொண்ட ஓர் அமைப்பை உண்டாக்கி, விரைவு எனப் பொருள்படும் ஹவாய்ச் சொல்லால் அதற்குப் பெயரிட்டார். விக்கிப்பீடியா 2001-இல் தோன்றியது. தமிழ் விக்கிப்பீடியா 2003-இல். அவற்றைத் தாங்கி நிற்கும் மென்பொருள் மீடியாவிக்கி. பி.எச்.பி. மொழியில் எழுதப்பட்ட அதனை எவரும் இலவசமாகப் பெற்றுத் தம் வீட்டுக் கணினியிலேயே நிறுவிக்கொள்ளலாம். என் மாணவரும் அவ்வாறே நிறுவினார்.

முதல் முயற்சியில் அவர் ஒரு தவறு செய்தார். எழுத்து மாற்றும் வரிகளை மீடியாவிக்கியின் மூல நிரலுக்குள்ளேயே எழுதிவிட்டார். வேலை நடந்தது. நான்கு மாதங்கள் சென்று புதிய பதிப்பை ஏற்றியபோது, பழைய கோப்புகள் இருந்த இடத்தில் புதிய கோப்புகள் வந்தமர்ந்தன. அவர் எழுதியவை அனைத்தும் போயின. தலையில் கைவைத்து அமர்ந்திருந்தவரிடம், “தம்பி, நீர் மத்னிலேயே கை வைத்துவிட்டீரே!” என்றேன்.

மதரஸாவில் பயின்றோர்க்கு இது விளங்கும். பழைய கிதாபுகளில் ஏட்டின் நடுவே மத்ன் எனப்படும் மூலம் நிற்கும். அதற்கு ஷர்ஹ் என்னும் விரிவுரை உண்டு. ஓரங்களில் ஹாஷியா என்னும் குறிப்புகள் நெருக்கியடித்துச் சாய்வாக ஓடும். எத்துணைப் பெரிய ஆலிமாயினும் தம் கருத்தை ஓரத்தில் எழுதுவாரேயன்றி மூலத்தின் ஒரு சொல்லையும் மாற்றார். செருகுநிரல் என்பதும் இந்த ஓரக்குறிப்புத்தான். மீடியாவிக்கியினர் அதனை நீட்சி என்கின்றனர். தனிக்கோப்புறையில் அது தனியே வாழும். அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் இயங்கும். அவ்வரியை நீக்கினால் ஓயும். மூலம் எத்தனை முறை புதுப்பிக்கப்பட்டாலும் அக்கோப்புறை அழிவதில்லை.

அவ்வாறாயின் வெளியில் நிற்கும் நிரல் உள்ளே நடக்கும் பணியில் எவ்வாறு கலந்துகொள்ளும்? இதை நான் கேட்டது ரயிலில் வைத்து. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் செல்லும் பாசஞ்சர் மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என நின்று நின்று செல்லும். மாணவர் சன்னலைக் காட்டினார். “வண்டி நிற்கும் இடத்தில்தான் ஏறலாம் ஹஜ்ரத். மீடியாவிக்கியை எழுதியவர்கள் பக்கத்தைச் சேமிக்கும் முன், சேமித்த பின், காட்டும் முன் என்று பல இடங்களில் நிறுத்தம் வைத்திருக்கின்றார்கள். அங்கே வண்டி நின்று, ஏறுவோர் உண்டா என்று கேட்கும். நம் நிரல் அங்கே ஏறிக்கொள்ளும்.” அந்நிறுத்தத்தைக் கொக்கி என்பார்களாம். எனக்கு நிறுத்தம் என்ற சொல்லே பிடித்திருக்கின்றது.

இவ்வகை நீட்சிகள் தமிழுக்கும் செய்த உதவி பெரிது. விக்கியில் தட்டச்சுக்கெனக் கேரள இளைஞர் ஒருவர் தொடங்கிய நீட்சிக்கு ‘நாராயம்’ என்று பெயர். மலையாளத்தில் எழுத்தாணி என்பது பொருள். எத்துணை அழகிய பெயர்! 2013-இல் வேறொரு நீட்சி அதன் இடத்தைப் பெற்றுவிட்டது.

எங்கள் இரண்டாம் முயற்சி நீட்சியாகவே எழுந்தது. எழுத்துக்கு எழுத்து அட்டவணையை நான் எழுதிக் கொடுத்தேன். ஃபத்ஹா வந்தால் அகரம். கஸ்ரா வந்தால் இகரம். ளம்மா வந்தால் உகரம். சுக்கூன் வந்தால் புள்ளி. ஷத்து வந்தால் எழுத்துக்குப் புள்ளியிட்டு அதனையே இரட்டிப்பது. ‘அம்மா’ சரியாக வந்தது. ‘பள்ளி’ வரவில்லை. ‘பளி’ என்று நின்று, அதற்கப்பால் ஒரு புள்ளியும் ஒரு ளகரமும் அநாதைகளாய்த் தொங்கின. இரண்டு வாரங்கள் இதிலேயே கழிந்தன. ஃபத்ஹா உள்ள இரட்டிப்புகள் சரியாகவும், கஸ்ராவும் ளம்மாவும் உள்ளவை பிழையாகவும் வருவதை நான் தாளில் குறித்து வைத்தேன். அதைக் கண்ட பின்னரே மாணவருக்கு வழி பிறந்தது.

நாம் முதலில் ஷத்து இட்டு, அதன் பின்னரே உயிர்க்குறி இடுகின்றோம். பிள்ளைகளுக்கும் அவ்வாறே கற்பிக்கின்றோம். யூனிகோடு முறையிலோ ஒவ்வொரு குறிக்கும் ஒரு வரிசை எண் உண்டு: ஃபத்ஹாவுக்கு 30, ளம்மாவுக்கு 31, கஸ்ராவுக்கு 32, ஷத்துக்கு 33, சுக்கூனுக்கு 34. மீடியாவிக்கி சேமிக்கும் ஒவ்வோர் உரையையும் இவ்வரிசைப்படி அடுக்கிவிடுகின்றது. எனவே நாம் ஷத்தை முன்னே இட்டாலும் உள்ளே அது பின்னே போய் நிற்கின்றது. ளகரம் ‘ளி’ ஆன பிறகு இரட்டிக்கச் சொன்னால் பாவம், நிரல் என்ன செய்யும்? அகரத்துக்குத் தமிழில் தனிக்குறி இல்லாமையால் அம்மா மட்டும் தப்பினாள்.

திருத்திய பின்னும் பக்கம் பழைய பிழையையே காட்டியது. அட்டவணையை மீண்டும் புரட்டிப் பகல் முழுதும் வீணாக்கினோம். ஒருமுறை ஆக்கிய பக்கத்தை மீடியாவிக்கி தன்னிடம் சேமித்து வைத்துக்கொண்டு அதனையே திரும்பத் திரும்பக் காட்டுமாம். அதனை நீக்கும்படி கட்டளையிட்டதும் ‘பள்ளி’ துலங்கியது.

நிரலால் தீராத சிக்கல் ஒன்று உண்டு. அடிநாவில் பிறக்கும் காஃபை எழுதி கல்ப் என்றால் உள்ளம். சற்று முன்னே பிறக்கும் காஃபை எழுதினால் நாய். தமிழெழுத்தில் இரண்டும் ‘கல்பு’தான். பாட்டியார் துஆவில் உள்ளம் தூய்மையாக வேண்டி எழுதியதை இயந்திரம் எப்பொருளில் காட்டியதென்று சொல்லவும் வேண்டுமோ! ஆகவே அரபுச் சொற்களை நானே இனங்கண்டு ஓர் அடையாளத்துள் இட, அவற்றின் மேல் சுட்டியை வைத்தால் மூல எழுத்து தோன்றும்படி செய்தோம். இது நான் செய்ய வேண்டிய வேலை, நிரல் செய்வதன்று. அதில் எனக்கு வருத்தமில்லை.

மெய்ப்புப் பார்ப்பதற்குத் தமிழ் விக்கிமூலத்தார் கையாளும் நீட்சியையே நிறுவினோம். ஒருபுறம் ஏட்டின் படம், மறுபுறம் எழுத்து. பார்க்காத பக்கம் சிவப்பு. ஒருவர் பார்த்தால் மஞ்சள். இன்னொருவரும் பார்த்தால் பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க அது இடங்கொடாது. பிரதியெடுத்தபின் மூலத்தோடு ஒப்புநோக்கும் முகாபலாவை நம் முன்னோர் எத்துணை வற்புறுத்தினர்! அதனால் இந்தக் கட்டுப்பாடு எனக்கு உவப்பாகவே இருந்தது. ஆனால் இரண்டாவது கண்ணுக்கு எங்கே போவது?

விழுப்புரத்தில் மாணவரின் பாட்டியார் இருக்கின்றார். வயது எண்பதைக் கடந்தவர். அரபுத்தமிழை இளமையில் கற்றவர். சென்ற மாதம் அவர் முன் திரையைப் பெரிதாக்கி வைத்து, நான் தமிழெழுத்தை வாசிக்க, அவர் ஏட்டின் படத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நான் ‘கத்திக்கு மஞ்சள் அரைத்துப் பூசவும்’ என்று வாசித்தேன்.

“கத்திக்கு யாராவது மஞ்சள் பூசுவார்களா ஹஜ்ரத்?” என்று சிரித்தார். “அது கட்டி. கீழே புள்ளி மங்கியிருக்கின்றது, பாருங்கள்.”

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். புள்ளி இருந்தது. மாணவர் அவ்வம்மையாரின் பெயரில் ஒரு கணக்குத் திறந்து, சொல்லைத் திருத்தி, பச்சைப் பொத்தானை அவர் விரலாலேயே அழுத்தச் செய்தார். இதுவரை நான்கு பக்கங்கள் பச்சையாகியுள்ளன. வருகின்ற ஞாயிறு காலை வண்டியில் மறுபடியும் போகின்றேன்.