மண்டபத்திலிருந்து பிராங்க்ஸ் எத்தனை மைல்?

பி.காம் படிக்கிறவனுக்கு ராப் பாட்டு பற்றி எழுத என்ன வேலை என்று கேட்காதீர்கள். காஸ்ட் அக்கவுண்டிங் பரீட்சைக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. இந்த மாதிரி நேரத்தில்தான் இந்த மாதிரி விஷயமெல்லாம் தோன்றித் தொலைக்கும் :-)

முதலில் கொஞ்சம் வரலாறு. 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி. சிண்டி காம்ப்பெல் என்ற பெண்ணுக்கு ஸ்கூல் திறக்கும் முன் புதுத் துணி எடுக்கக் காசு வேண்டும். தாங்கள் குடியிருந்த அபார்ட்மெண்டின் பொது அறையில் ஒரு பார்ட்டி வைத்தாள். பெண்களுக்கு 25 சென்ட், பசங்களுக்கு 50 சென்ட் நுழைவுக் கட்டணம். பாட்டுப் போட்டது அண்ணன் கூல் ஹெர்க். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு பிளேயரில் வைத்து, ஆட்டம் சூடு பிடிக்கும் அந்த டிரம்ஸ் துண்டை மட்டும் மாற்றி மாற்றி ஓட்டி நீட்டுவது அவருடைய உத்தி. ஹிப் ஹாப் பிறந்த நாள் என்று இந்த நாளைத்தான் சொல்கிறார்கள். துணிக் காசுக்காகப் பிறந்த கலை என்பதால் காமர்ஸ் மாணவனான எனக்கு இதன் மேல் தனிப் பாசம்.

ஹெர்க் 12 வயதில் ஜமைக்காவிலிருந்து வந்து இறங்கியவர். அங்கே தெருவில் ஆளுயர ஸ்பீக்கர்களை அடுக்கி ஆடுவார்கள். நம்ம ஊர்க் கொடை, திருவிழாவுக்கு வரும் மைக்செட்டை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அதேதான். பிராங்க்ஸ் பசங்க தெருவிளக்குக் கம்பத்திலிருந்து கரண்ட் எடுத்தார்களாம். கொக்கி போடுவது ஏதோ நம்ம கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

அதே சமயம் மன்ஹாட்டனின் தென்கோடியில், டவுன்டவுன் என்கிறார்களே, அங்கே வேறொரு கூட்டம். 1975இல் நியூயார்க் மாநகராட்சியே திவாலாகும் நிலைக்குப் போயிருந்தது. வாடகை மலிவு, காலிக் கட்டடங்கள் நிறைய. ஓவியர்கள், சினிமாக்காரர்கள், மூன்று கார்டு தெரிந்தால் கிடாரைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறுகிறவர்கள் எல்லாரும் அங்கே குடியேறினார்கள். பங்க் வந்தது, அதை உடைத்துப் போட்டு விளையாடும் போஸ்ட் பங்க்கும் வந்தது. இந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவே பாலம் போட்டவர்களில் முக்கியமானவர் ஃபேப் ஃபைவ் ஃப்ரெடி. 1981இல் பிளாண்டி குழுவின் 'ராப்ச்சர்' அமெரிக்காவில் முதலிடம் பிடித்தபோது அந்தப் பாட்டில் அவர் பெயர் இருந்தது. வீடியோவில் இசைத்தட்டு பிளேயருக்குப் பின்னால் நிற்பது ஓவியர் பாஸ்கியா.

பாலத்துக்கு டோல்கேட்டும் உண்டு. லிக்விட் லிக்விட் என்ற டவுன்டவுன் குழுவின் ஒரு பேஸ் மெட்டை எடுத்து 1983இல் ஷுகர்ஹில் நிறுவனம் 'வைட் லைன்ஸ்' என்று வெளியிட்டது, செம ஹிட். அசல் குழுவின் கம்பெனி கேஸ் போட்டு ஜெயித்தது. ஆனால் காசைக் கொடுக்காமலே ஷுகர்ஹில் திவாலானது. ஜெயித்த கம்பெனியும் கடையை மூடிவிட்டது. எங்கள் வாராக்கடன் பாடத்தில் சேர்க்கலாம்.

சரி, இதற்கும் ராமநாதபுரத்துக்கும் என்ன சம்பந்தம்? ஓவியக் கல்லூரி, போஸ்ட் பங்க், ஹிப் ஹாப் மூன்றும் ஒரே ஆளிடம் வந்து சேர்ந்த ஒரு தமிழ்ப் பெண் இருக்கிறார். மாதங்கி அருள்பிரகாசம். உலகத்துக்கு எம்.ஐ.ஏ.

அப்பா அருளர், ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். (மேற்கத்தியப் பத்திரிகைகள் அவரைப் புலி என்று எழுதின, தவறு.) 1977 கலவரத்தில் அடிபட்ட தமிழர்களைக் கொழும்பிலிருந்து வடக்கே ஏற்றிச் சென்ற கப்பலை வைத்து 'லங்கா ராணி' என்ற நாவலை எழுதியதும் இவர்தான். மகள் 1975இல் லண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக இலங்கைக்குப் போனார். பிறகு யாழ்ப்பாணம், நடுவில் கொஞ்ச காலம் மெட்ராஸில் ஒரு பாழடைந்த வீடு, 1986இல் மறுபடி லண்டன், அகதியாக. அங்கே பக்கத்து வீட்டுச் சுவர் வழியாகத்தான் ஹிப் ஹாப் காதில் விழுந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸில் சினிமா படித்தார். ஸ்டென்சில் வெட்டி ஸ்ப்ரே அடித்து ஈழத்துக் காட்சிகளை ஓவியமாக்கினார். எலாஸ்டிகா என்ற குழு 2000இல் தங்கள் ஆல்பத்துக்கு அட்டைப்படம் செய்ய அவரைக் கூப்பிட்டது. அந்தக் குழுவோடு டூர் போனபோது பீச்சஸ் என்ற பாடகி ரோலண்ட் 505 என்ற பெட்டியைக் காட்டிக்கொடுத்தார். அதில் தட்டித் தட்டிப் பழகியதுதான் 2005இல் வந்த 'அருளர்' ஆல்பம். அப்பா பேருக்கு அடுத்து அம்மா பேர், 2007இல் 'கலா'. அதற்கு அமெரிக்கா போய்ப் பதிவு செய்ய நினைத்தால் விசா இல்லை. சரி என்று ஊர் ஊராகச் சுற்றினார். சென்னையிலும் பதிவு நடந்தது. 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்' இரண்டிலும் உறுமி கேட்கும். நம்ம உறுமிங்க, கொட்டுக்காரர்கள் தேய்த்து அழ வைக்கிற அதே உறுமி!

அந்த விசாக் கடுப்பில் பிறந்ததுதான் 'பேப்பர் பிளேன்ஸ்'. அடியில் ஓடுவது 1982இல் கிளாஷ் குழு போட்ட மெட்டு. அதனால் பாட்டின் உரிமையில் கிளாஷ்காரர்கள் பேரும் இருக்கிறது (ஷுகர்ஹில் மாதிரி இல்லை, கணக்கு சுத்தம்). 2008இல் அமெரிக்காவில் நாலாவது இடம் வரை போனது. 2010இல் 'பார்ன் ஃப்ரீ'. அதற்கு அடித்தளம் 1977இல் சூசைட் என்ற நியூயார்க் டவுன்டவுன் குழு போட்ட பாட்டு. பிராங்க்ஸ், டவுன்டவுன், யாழ்ப்பாணம் எல்லாம் ஒரு ஆளிடம் வந்து மோதுகின்றன. 'பார்ன் ஃப்ரீ' வீடியோ மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை, அடித்துச் சொல்வது போல் இருக்கிறது. பிற்காலத்தில் அவர் பேசிய சிலதும் ஒப்பவில்லை. அதற்காக உறுமியை விட முடியுமா?

இதையெல்லாம் என் வகுப்பு நண்பன் ஒருவனுக்குப் போட்டுக் காட்டினேன். அவன் மண்டபம் முகாமில் இருக்கிறான். பிறந்தது தமிழ்நாட்டில், அப்பா அம்மா தலைமன்னாரிலிருந்து படகில் வந்தவர்கள். நிறையப் பேரைப் போல அவர்களையும் தனுஷ்கோடிக்குப் பக்கத்தில் ஒரு மணல் திட்டில் இறக்கிவிட்டுப் படகு திரும்பிவிட்டதாம். 2022இல் இலங்கையில் விலைவாசி எகிறியபோதும் அதே திட்டுகளில்தான் ஆட்கள் வந்து நின்றார்கள்.

'பேப்பர் பிளேன்ஸ்' முழுக்கக் கேட்டான். அர்த்தம் சொன்னேன்.

"நல்லாத்தான் இருக்கு மச்சான். ஆனா அவங்க லண்டன்ல பொறந்தவங்க. ஆறு மாசத்துல கிளம்பினாலும் பாஸ்போர்ட்டு இவங்களுக்காகக் காத்துக்கிட்டு இருந்துருக்கு. நான் இங்கேயே பொறந்து இங்கேயே இருக்கேன்."

எனக்குப் பதில் வரவில்லை. சட்டத்தைத் தேடிப் படித்தேன். இந்தியாவில் 1987 ஜூலை 1க்கு முன் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பிறகு என்றால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும், 2004 டிசம்பரிலிருந்து இன்னும் கெடுபிடி. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் கோர்ட்டுக்குப் போய் பாஸ்போர்ட் வாங்கி, 2024 தேர்தலில் ஓட்டும் போட்டார். மாயா லண்டன் திரும்பிய அதே 1986. இரண்டு வருஷம் தள்ளி அதே முகாமில் பிறந்த குழந்தைக்கு அது கிடையாது. 2019இல் திருத்திய சட்டத்திலும் இலங்கை இல்லை. 2021இல் அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாநில அரசு மாற்றியது, அந்த மட்டில் சந்தோஷம்.

அவனிடம் இதைச் சொன்னபோது "தெரியும்டா, எங்க முகாம்ல சின்னப் பிள்ளைக்குக்கூட அந்தத் தேதி தெரியும்" என்றான். பிறகு என் போனைப் பிடுங்கி 'பேர்ட் ஃப்ளூ'வை இரண்டாவது தடவை போட்டான். பெஞ்சில் தாளம் தட்டிக்கொண்டே, உறுமி அடிக்கிறவன் நல்ல கைக்காரன், ஆனால் எங்கள் கோயில் திருவிழாவில் இதைவிட வேகமாக அடிப்பார்கள் என்றான். பாட்டு முடிவதற்குள் மணி பார்த்தான். சாயங்காலம் முகாமில் செக்கிங், ஆள் இருந்தாக வேண்டும். ராமேஸ்வரம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.