நின்றுபோன கட்டளை

நேற்றுவரை ஓடிய நிரல் இன்று நின்றால், அதை அழித்து மறுபடி நிறுவுவோரே மிகுதி. பிழைச்செய்தியை முழுமையாக வாசிப்போர் குறைவு. வில்லியனூர் சுல்தான்பேட்டையில், தொழுகை நேரங்களை இணையத்திலிருந்து எடுத்துத் தந்த எங்கள் ‘கர்ல்’ கட்டளை, 2021 செப்டம்பர் 30 இரவு, இஷாவுக்குப் பின் நின்றது. சான்றிதழ் காலாவதி என்றது செய்தி. தளத்தின் சான்றிதழோ செல்லுபடியில் இருந்தது! லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ்களுக்குப் பிணைநின்ற ‘டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3’ என்னும் பழைய மூலச் சான்றிதழின் காலம் அன்றுதான் முடிந்திருந்தது. பழைய ஓப்பன்எஸ்எஸ்எல் கொண்ட கணினிகள் உலகெங்கும் இடறின. கட்டளையில் ஒரு ‘கே’ சேர்த்துச் சரிபார்ப்பையே தவிர்க்கலாம் என்றார் நண்பர். சாட்சியை விலக்கிப் பெறும் நேரத்தைக் கொண்டு தொழ எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. காலாவதியானதைக் கணினியின் சான்றிதழ்த் தொகுப்பிலிருந்து நீக்கி, புதிய ‘ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1’ அதில் இருப்பதை உறுதிசெய்தோம். பஜ்ருக்கு முன் நேரங்கள் வந்தன, அல்ஹம்துலில்லாஹ்.