செத்த கல்லூரியும் உயிர்க் கல்லூரியும்

சென்னையின் எளிய மக்கள் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திற்கு 'செத்த காலேஜு' என்று பெயரிட்டிருந்தனர். விலங்குக் காட்சிசாலை அவர்களுக்கு 'உயிர் காலேஜு'. கேட்போர் நகைப்பதுண்டு. ஆயினும் அப்பெயரில் ஒரு மதிப்பு பொதிந்துள்ளது. பள்ளி வாசலை மிதிக்க வாய்ப்பில்லாதோரும் அவ்விடத்தைக் கல்லூரி என்றே அழைத்தனர். கற்பதற்கு அங்கே ஏதோ உண்டு என உணர்ந்திருந்தனர்.

வரலாறும் அப்பெயருக்குத் துணை நிற்கிறது. 1851இல் எட்வர்டு பால்ஃபர் என்னும் மருத்துவரின் பொறுப்பில் இவ்வருங்காட்சியகம் தொடங்கியது, புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் மாடியில்தான். 1854இல் எழும்பூர் பாந்தியன் மாளிகைக்கு இடம்பெயர்ந்தது. அடுத்த ஆண்டே பால்ஃபர் அவ்வளாகத்தில் உயிருள்ள விலங்குகளையும் வைத்தார். மக்கள் திரளாக வந்தனர். ஆக, செத்ததும் உயிருள்ளதும் ஒரு காலத்தில் ஒரே முற்றத்தில் இருந்தன. விலங்குகள் பின்னர் மக்கள் பூங்காவுக்கும், 1985இல் வண்டலூருக்கும் சென்றுவிட்டன. எஞ்சியவற்றிற்கு உயிரூட்டுவது யார்?

கற்பிப்போரே என்பது நம் எண்ணம். அங்குள்ள அமராவதிச் சிற்பங்களை நோக்குங்கள். அவற்றின் உடன்பிறப்பான பலகைகள் பலவற்றை, அருமை அறியாதோர் சுண்ணாம்புக்காகச் சுட்டழித்தனர். பழகாத கண்ணுக்குக் கலையும் வெறும் கல்லே.

கோடை விடுமுறையொன்றில் நம் தெருச் சிறுவர் சிலரை அங்கு அழைத்துச் சென்றோம். செப்புத் திருமேனிக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசரைக் கண்டதும், "பார்த்தாயிற்று, போகலாம்" என்றனர். உடன் வந்த ஓவிய ஆசிரியர் அவர்களை நிறுத்தினார். மெழுகில் உருவம் சமைத்து, மேலே மண் பூசி, சூடேற்றி மெழுகை உருக்கி வடித்து, அவ்வெற்றிடத்தில் உலோகக் குழம்பை வார்க்கும் முறையை விளக்கினார். சிலையை வெளியே எடுக்க அச்சை உடைத்தே ஆகவேண்டும் என்றார். ஒரு சிறுவன் கேட்டான்: "அப்படியென்றால் இதைப்போல இன்னொன்று கிடையாதா, சார்?" கேட்டுவிட்டு மீண்டும் சிலையின் அருகே சென்றான். அதன்பின் அவனை அங்கிருந்து நகர்த்துவது நமக்கு எளிதாயில்லை.

இத்தகைய கேள்விகள் பிறக்கவே அருங்காட்சியகத்தார் மாணவர்க்குக் கோடை முகாம்களும், ஓவிய, சிற்பப் பயிற்சிகளும், சொற்பொழிவுகளும் நடத்தி வந்துள்ளனர். 1988இல் சிறுவர்க்கெனத் தனிப் பிரிவும் அமைந்தது. மாவட்டங்கள் பலவற்றிலும் அரசு அருங்காட்சியகங்கள் உள்ளன. ஆயினும் இவற்றின் பயன் பெரும்பாலும் தாமே விசாரித்து அறியும் குடும்பங்களையே சென்றடைகிறது. கூலி வேலைக்குச் செல்லும் பெற்றோர் பிள்ளையை எப்போது அழைத்துச் செல்வர்? நுழைவுக் கட்டணத்தினும் பெரிய தடை, உடன் வர ஒருவர் இல்லாமையே.

நம் இளைஞர் மன்றங்களும் மாதர் சங்கங்களும் ஆண்டில் ஒரு நாளை இதற்கென ஒதுக்கலாகாதா? உடன் ஓர் ஆசிரியர், பேருந்துச் செலவு, மதிய உணவு, இவை போதும். அறிஞர்கள் தொகுத்துப் பேணிய செல்வம் அங்கே காத்திருக்கிறது. அதன் வாரிசுகளோ நம் தெருவில் விளையாடிக்கொண்டிருக்கின்றனர்.