புகைக்கு வரப்பு கிடையாது

போன வருஷம் தை மாசம் சம்பா அறுப்பு முடிஞ்சதும் வைக்கோலுக்குத் தீ வெச்சவன்தான் நானும். மெஷின் அறுத்தா வைக்கோல் வயல் முழுக்கச் சிதறிக் கிடக்கும். அள்ள ஆள் கிடைக்காது. ஒரு தீப்பெட்டி போதும், வேலை முடிஞ்சுது.

"கடல் பக்கத்துல இருக்கோம், புகை இங்கேயே நிக்கவா போகுது? காத்து அடிச்சிட்டுப் போயிடும்டா" என்றார் சித்தப்பா. எங்க ஊர் புவனகிரிக்குக் கிழக்கே, பரங்கிப்பேட்டை போற வழியில். அவர் சொன்னது எனக்கும் நியாயமாத்தான் பட்டுது.

அந்தக் காத்து புகையை எங்கே கொண்டுபோகுதுன்னு கடல் வரைக்கும் தேடிப் போனவர், நம்ம சிதம்பரத்துல படிச்சவர்னு சமீபத்துலதான் தெரிஞ்சுக்கிட்டேன். பேரு வீரபத்ரன் ராமநாதன். 1965-ல அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல இன்ஜினியரிங் முடிச்சவர். 1999 ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்கும் மாலத்தீவை மையமா வெச்சு நடந்த 'இண்டோயெக்ஸ்' ஆய்வை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். கப்பல், விமானம், செயற்கைக்கோள்னு எல்லாத்தையும் வெச்சுப் பார்த்தாங்க.

நடுக்கடல்ல காத்து சுத்தமா இருக்கணுமே? அங்கே சுமார் 3 கிலோமீட்டர் உயரத்துக்குப் பழுப்புப் புகைமூட்டம். வாகனப் புகை, ஆலைப் புகை, விறகடுப்புப் புகை, வயல்ல கொளுத்துற புகை எல்லாம் கலந்தது. மழை பெய்தா கழுவிட்டுப் போயிடும். தை, மாசியில மழை ஏது? அதனால வாடைக்காத்தோட நாள்கணக்கா பயணம் போகுது.

இதுல இன்னொண்ணும் இருக்கு. நமக்குக் கடல்லேருந்து வர்ற வாடைக்காத்து, வடக்கே கங்கைச் சமவெளிப் புகையையும் வங்கக் கடல் மேல சுமந்துட்டு வருது. அவங்க புகை நமக்கு. நம்ம புகை மேற்கே, அடுத்த கடலுக்கு.

கரித்துகள் வெயிலை மேலேயே உறிஞ்சிடுது. கீழே கடலுக்கு வெயில் குறைஞ்சா நீர் ஆவியாகறதும் குறையும், மழையும் தடுமாறும். இந்தப் புகைமூட்டமும் பூமியைச் சூடாக்குற வாயுக்களும் சேர்ந்து இந்தியாவுல நெல் விளைச்சலைக் குறைச்சிருக்குன்னு, ராமநாதனும் சேர்ந்து எழுதின ஆய்வு 2006-ல வந்திருக்கு. நெல்லு அறுத்த வயல்ல வெச்ச தீ, நெல்லுக்கே வினையாகுது.

இந்தத் தை மாசம் வைக்கோல் கட்டுற மெஷின்காரரைக் கூப்பிட்டேன். பாதி ரோல் அவருக்கு, பாதி எங்க மாடுகளுக்குன்னு பேச்சு. அவர் வர பத்து நாளாச்சு. அதுக்குள்ள சித்தப்பா அவர் வயலைக் கொளுத்திட்டார். சாயங்காலம் கொடியில காய்ஞ்ச வேட்டியில கரி படிஞ்சிருந்தது. எடுத்துட்டுப் போய் அவர்கிட்ட காட்டினேன். "அடுத்த வருஷம் அந்த மெஷின்காரன் நம்பரைக் குடு" என்றார்.