ஆபீசில் ஓர் ஆராய்ச்சி மணி!

ஒவ்வொரு கம்பெனியிலும் ஒரு நாற்காலி இருக்கும். அதில் உட்கார்ந்திருப்பவர் என்ன வேலை செய்கிறார் என்பது அவர் மனைவிக்குக்கூடச் சரியாகத் தெரியாது. எங்கள் ஆபீசில் அந்த நாற்காலிக்குப் பெயர் 'எதிக்ஸ் ஆபீசர்'. தமிழில் 'நெறிமுறை அலுவலர்' எனலாம். ஆனால் அப்படிச் சொன்னால் கார்ப்பரேஷனிலிருந்து கொசு மருந்து அடிக்க வந்தவர் போலிருக்கிறது!

அவர் வந்து சேர்ந்த அன்றே எங்கள் செக்ஷன் அவருக்குத் 'தருமர்' என்று பெயர் சூட்டிவிட்டது. லிஃப்ட்டில் அவர் ஏறினால் பேச்சு சட்டென்று கிரிக்கெட்டுக்குத் தாவும். ஆபீஸ் பேனாவை வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். எங்களுக்கு அவரிடம் பயமும் உண்டு, சந்தேகமும் உண்டு. குருக்ஷேத்திரத்தில் அசல் தருமரே 'அசுவத்தாமன் இறந்தான்' என்பதை உரக்கச் சொல்லிவிட்டு, 'யானை'யை மட்டும் முணுமுணுத்தவர் ஆயிற்றே!

இந்த உத்தியோகத்தின் பூர்வீகம் அமெரிக்கா. 1980-களில் அங்கே ராணுவத்துக்குச் சாமான் சப்ளை செய்த கம்பெனிகள் கன்னாபின்னாவென்று பில் போட்டு மாட்டிக்கொண்டன. ஊர் சிரித்ததும், 'இனி ஒழுங்காக இருப்போம்' என்று 1986-ல் அவையே கூடி ஓர் அமைப்பு ஏற்படுத்திக்கொண்டன. பிறகு 1991 நவம்பரில் அங்குள்ள கோர்ட்டுகளுக்குப் புது தண்டனை விதிகள் வந்தன. கம்பெனி குற்றம் செய்து பிடிபட்டாலும், தப்பைத் தடுக்க உருப்படியான ஏற்பாடு முன்பே வைத்திருந்தால் அபராதத்தில் தள்ளுபடி! ஆடி மாசம் மாதிரி. ஊரெங்கும் எதிக்ஸ் ஆபீசர்கள் பெருகினார்கள்.

நல்லெண்ணமா, தள்ளுபடியா என்று கேட்காதீர்கள். தலைக்காக ஹெல்மெட் போட்டாலும் சரி, டிராஃபிக் போலீசுக்காகப் போட்டாலும் சரி, விழும்போது மண்டை தப்பிக்கிறது அல்லவா?

ஆனால் ஹெல்மெட்டை பெட்ரோல் டாங்க் மேல் வைத்துக்கொண்டு ஓட்டுகிற ஆசாமிகளும் உண்டு. என்ரான் கம்பெனி 2000-ல் 64 பக்கத்துக்கு நெறிமுறைப் புத்தகம் அச்சடித்து ஊழியர்களுக்குக் கொடுத்தது. அதற்கு முந்தைய வருஷமே, அதன் நிதித் தலைவர் ஆண்ட்ரூ ஃபாஸ்டோ தானே நடத்தும் கூட்டு நிறுவனத்தோடு கம்பெனி வியாபாரம் செய்யலாம் என்று போர்டே விதியிலிருந்து விலக்குக் கொடுத்திருந்தது. 2001 டிசம்பரில் கம்பெனி திவால்.

நம் ஊரும் சளைத்ததில்லை. 2008-ல் சிறந்த நிர்வாகத்துக்காகத் 'தங்க மயில்' விருது வாங்கியது சத்யம். 2009 ஜனவரி 7 அன்று, கணக்கில் காட்டியிருக்கும் கோடிகள் நிஜத்தில் இல்லை என்று அதன் தலைவரே கடிதம் எழுதினார். மயிலும் பறந்துவிட்டது, விருதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

ஆகவே புத்தகம், விருது எல்லாம் சரி. அவசரத்துக்கு உதவுமா என்பதுதான் கேள்வி. எங்கள் ஆபீசில் அந்த அவசரம் சில வருஷங்களுக்கு முன்னால் வந்தது.

செக்ஷனில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன். பில் சரிபார்க்கிற வேலை. நைட் ஷிஃப்ட்காரர்களை வீட்டில் கொண்டுவிடும் கார் கான்ட்ராக்டரின் பில்லோடு ஒரு நாள் என் மேஜைக்கு வந்தான்.

"சார், பொங்கலன்னிக்கு ஆபீஸ் லீவு. ஆனா அன்னிக்கு முப்பத்தோரு ட்ரிப் போயிருக்குன்னு பில் வந்திருக்கு."

"கையெழுத்து யாரு?"

சொன்னான். அவனுக்கு மேலதிகாரி. எனக்கும்தான்.

"என்ன சார் பண்றது? அப்பா ரிடையர் ஆயிட்டார். தங்கச்சிக்கு வைகாசில கல்யாணம். எனக்கு வேலை போச்சுன்னா..."

அவன் தலைக்கு மேலேயே சுவரில் போஸ்டர். 'தயங்காமல் பேசுங்கள்!' என்று ஒரு பெண் பல் தெரியச் சிரிக்கிறாள். அவளுக்கென்ன, மாடல்! அவள் தங்கைக்கு வைகாசியில் கல்யாணம் இல்லை.

இரண்டு பேருமாகத் தருமரிடம் போனோம். கதவைச் சாத்திவிட்டு அவர் சொன்னார்:

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நான் உங்க வக்கீல் இல்லை. எனக்கும் கம்பெனிதான் சம்பளம் கொடுக்குது. உங்க பேர் வெளியே வராம பார்த்துக்குவேன். ஆனா இந்த பில்லைப் பார்க்கிற ஆள் நீங்க ஒருத்தர்தான்னா, யார் சொன்னதுன்னு அவர் ஊகிச்சிடுவார். இதையெல்லாம் யோசிச்சுட்டு, சொல்லணும்னா சொல்லுங்க."

பையன் முகம் வெளுத்துவிட்டது. எனக்கோ அந்த நிமிஷத்தில்தான் அவர்மேல் நம்பிக்கை வந்தது. இந்தத் தருமர் 'யானை'யையும் உரக்கவே சொல்லிவிட்டார்!

"எம்.டி.யே நிறுத்துன்னு சொல்லிட்டா?" என்று கேட்டேன்.

"நான் எம்.டி.க்கு மட்டும் ரிப்போர்ட் பண்ணலை, ஆடிட் கமிட்டிக்கும் பண்றேன்."

அந்த ஒரு வரியில்தான் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. 2013-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டப்படி, பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகளும் வேறு சில வகைக் கம்பெனிகளும் ஊழியர் புகார் சொல்ல வழி செய்து தரவேண்டும். புகார் சொன்னவரைப் பழிவாங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தேவைப்பட்டால் அவர் ஆடிட் கமிட்டித் தலைவரையே நேராக அணுகவும் வழி இருக்கவேண்டும்.

திருவாரூர் மனுநீதிச் சோழன் கதை ஸ்கூலில் படித்திருப்பீர்கள். பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. சோழன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான். மறுநாள் அந்தப் பசுவைக் காரைக்காலுக்கு டிரான்ஸ்ஃபர் செய்ததாகக் கதையில் இல்லை, கவனித்தீர்களா? மணி கட்டுவது சுலபம். சொந்த மகன்மேல் புகார் வந்தாலும் ராஜா கேட்கிறானா என்பதுதான் விஷயம். தண்டனையை நிறைவேற்றச் சொல்லி உத்தரவு வாங்கிய அமைச்சர், அதைச் செய்ய மனமில்லாமல் தன் உயிரையே விட்டதாகப் பெரியபுராணம் சொல்கிறது. எதிக்ஸ் ஆபீசரின் பாடு கிட்டத்தட்ட அந்த அமைச்சர் பாடுதான்!

பையன் எழுதிக் கொடுத்தான். விசாரணை ஏழு வாரம் நடந்தது. லீவு லிஸ்ட்டையும் கேட் ரிஜிஸ்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பொங்கலன்று கேட்டுக்குள் வந்த ஒரே வண்டி தண்ணீர் லாரி! மேலதிகாரி 'சொந்தக் காரணங்களுக்காக' ராஜினாமா செய்தார். சால்வை, கேக் எல்லாம் உண்டு. கான்ட்ராக்டரையும் மாற்றினார்கள்.

சினிமாவாக இருந்தால் இங்கே 'வணக்கம்' போட்டுவிடலாம். ஆபீசில் இதற்குப் பிறகுதான் இரண்டாம் பாதி.

அடுத்து வந்த அப்ரைசலில் பையனுக்குக் கடைசி மார்க். 'டீமோடு ஒத்துப்போவதில்லை' என்று காரணம். இன்கிரிமென்ட் பூஜ்யம். புது அதிகாரி பழையவருக்குச் சிநேகிதர். பையன் வாயே திறக்கவில்லை. கண்டுபிடித்தது தருமர்தான். புகார் சொன்னவர்கள் பெயரைத் தனியாகக் குறித்துவைத்து, ஒரு வருஷத்துக்கு அவர்களுடைய மார்க், இன்கிரிமென்ட், டிரான்ஸ்ஃபர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருப்பாராம். ஆறே மாதத்துக்கு முன் 'மிக நன்று' வாங்கிய பேப்பரையும் இதையும் சேர்த்து ஆடிட் கமிட்டி முன்னால் வைத்துவிட்டார். மார்க் திருத்தப்பட்டது. 'டைப்பிங் மிஸ்டேக்'காம்!

அவராலும் ஆகாத காரியம் ஒன்று இருந்தது. கேன்டீனில் பையன் உட்கார்ந்த மேஜை காலியாகவே இருந்தது. 'போட்டுக் கொடுக்கிறவன்' என்று பேச்சு. அதற்கு எந்தக் கமிட்டியும் ஆர்டர் போடமுடியாது. நானும் இன்னும் இரண்டு பேரும் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு அவன் மேஜைக்கு மாறினோம். மாதம் ஒன்றானதும் அங்கே நாற்காலி போதவில்லை. 'கம்பெனி கல்ச்சர்' என்று ட்ரெய்னிங்கில் படம் போட்டு விளக்குகிறார்களே, அது இதுதான் என்று நினைக்கிறேன்.

புதிதாக வேலைக்குச் சேரும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கம்பெனி நெறிமுறைப் புத்தகம் எத்தனை பக்கம் என்று எண்ண வேண்டாம். எதிக்ஸ் ஆபீசர் யாருக்கு ரிப்போர்ட் செய்கிறார் என்று விசாரியுங்கள். கடைசியாகப் புகார் சொன்னவர் இப்போது எந்த நாற்காலியில் இருக்கிறார் என்று பாருங்கள். ஜாதகம் பார்க்க இந்த இரண்டு கட்டம் போதும்.

பையன் தங்கையின் கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. கார் பில் இன்றும் அவனிடம்தான் வருகிறது. போன பொங்கலன்று எத்தனை ட்ரிப் என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"பூஜ்யம் சார்!" என்றான்.